கோயில் வளைவுப் பராஷ்வா நீர் குறித்து நான்காவது மனு

பெறுநர்:
கடலோரப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் இரண்டு மனுக்களை ஆங்கிலத்திலும் மூன்றாவதைப் பிரெஞ்சிலும் கொடுத்தோம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ரூபாய் நோட்டில் தமிழும் இருக்கிறதே, அதிலும் ஒரு தடவை எழுதிப் பார்ப்போம் என்றார் எங்கள் ஊர்ப் பெரியவர். பிரெஞ்சுப் பிரதியும் இணைத்திருக்கிறோம்.

கடலோரத்தைக் கல் சுவரால் அடைத்து மீன் வளர்க்கும் எங்கள் பராஷ்வா தாங்கள் அறிந்த இடம்தான். பழைய சுண்ணாம்புக் காளவாயைத் தாண்டி, கல் சுவருக்கு உட்பக்கம். சுவர் சரிந்தபோது தாங்களே மதகருகில் வந்து நின்று பார்த்தீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. நீர் பச்சையாகிவிட்டது. முன்பு பெருமழைக்குப் பிறகு சில நாள் அப்படி இருந்து தெளியும். இப்போது தெளிவதே இல்லை.

2. மீன் சாகிறது. அதுவும் விடியற்காலையில். பகலில் வெயில் இருக்கும்வரை பாசி நீருக்குள் பிராணவாயுவை விடுகிறது. இருட்டியதும் அதே பாசி அதை இழுத்துக்கொள்கிறது, அடியில் அழுகும் பாசியும் சேர்ந்து இழுக்கிறது. நாலு மணிக்குப் போனால் மடவை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. டார்ச் அடித்தால் ஓடுவதுகூட இல்லை. கையால் அள்ளலாம். அள்ளி என்ன செய்வது? போன மாதம் ஒரே காலையில் மூன்று கூடை. விற்க மனம் வரவில்லை, காளவாய்க்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். குட்டியாக விட்டு, தீனி போட்டு, சூறாவளிக்கு மதகைக் காத்து வளர்த்த மீன் ஐயா. என் மகன் சட்டையில் அந்த நாற்றம், பள்ளியில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்கார்ந்ததாம். அலுவலர்கள் வருவதெல்லாம் காலை பத்து மணிக்கு மேல். அதற்குள் வெயில் ஏறி, மிச்சம் இருக்கும் மீன் ஜோராக நீந்தும். “நன்றாகத்தானே இருக்கிறது” என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

3. மூன்றாவது மனு என்ன ஆயிற்று என்று கேட்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் வாய்வார்த்தையாகச் சொன்னது: “பறவை எச்சம்தான் காரணம், வெடி போட்டு விரட்டுங்கள்.”

எச்சத்தில் சத்து இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. செயின்ட் பிராண்டன் தீவுகளிலிருந்து பறவை எச்சத்தை வெட்டிக் கொண்டுவந்த நாடு இது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, பாசிக்கு வேண்டியதும் அவைதான். ஆனால் பறவை எங்கே தின்கிறது என்று பார்க்க வேண்டாமா? ஐரோப்பாவில் கூஸ் என்னும் பெரிய காட்டு வாத்துகள் பகலெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு இரவில் ஏரியில் வந்து தங்கும். அங்கே வயலின் உரம் ஏரிக்கு வருகிறது, சரி. எங்கள் கரைப்பறவைகளான உள்ளான்களும், கோர்பிஜோ என்னும் வளைந்த அலகுப் பறவைகளும் இதே சேற்றில் புழுவும் நண்டும் தின்று இதே சேற்றில் எச்சமிடுகின்றன. உள்ளே இருந்த சத்துதான் சுற்றி வருகிறது. பாசிக்கு அது சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவே. வெளியிலிருந்து புதிதாகச் சேர்வது அதில் ஏது? வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்பும்போது உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு, நம் சேற்றின் சத்தில் கொஞ்சத்தை அவை சுமந்துகொண்டுதான் போகின்றன.

4. அந்தப் பறவைகளில் பெரும்பாலானவை அக்டோபரில் வந்து ஏப்ரலில் போய்விடும். ஜூலையிலும் நீர் பச்சை. ஜூலையில் உள்ளான்கள் சைபீரியாவில் இருக்கின்றன. அங்கிருந்தா எச்சமிடுகின்றன?

5. அப்படியானால் சத்து எங்கிருந்து வருகிறது? மேலே கரும்பு வயல், உரம் போடுகிறார்கள். கரையில் வரிசையாகக் கம்ப்மான் என்னும் கடலோர விடுமுறை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சுகுழி. கீழே எரிமலைப் பாறை, அதன் வெடிப்புகள் வழியே நல்ல தண்ணீர் ஊறிக் கடலோரத்தில் எழுகிறது. த்ரூ தோ தூஸ் என்ற ஊருக்குப் பெயர் வந்ததே அப்படி ஊறும் நன்னீரால்தான். எங்கள் பராஷ்வாவின் வடமூலையில் ஊற்று வரும் இடத்தில்தான் பாசி முதலில் கட்டுகிறது. பறவைகள் கூடுவதோ தெற்கே. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அளந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். ஊற்று நீர் ஒரு புட்டி, தென்மூலை நீர் ஒரு புட்டி, சுவருக்கு வெளியே கடல் நீர் ஒரு புட்டி. தழைச்சத்துக்கு நைட்ரேட், மணிச்சத்துக்குப் பாஸ்பேட், இரண்டும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை, ஒரு வருஷம், பறவை இருக்கும் மாதமும் இல்லாத மாதமும். மூன்று புட்டி ஐயா! இதற்கு நான்கு மனுவா?

6. காவடி எடுக்கும் பெண்கள் தைப்பூசத்தன்று இந்த நீரில் முழுக மறுத்து வேறு ஊருக்குப் போனார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

7. வெடி போட மாட்டோம். யாரையாவது அனுப்பிப் போடவும் வேண்டாம்.

தயவுசெய்து ஒரே ஒரு நாள், விடியற்காலை நாலு மணிக்குத் தாங்கள் நேரில் வர வேண்டும். பத்து மணிக்கு வருவதானால் வராமலே இருக்கலாம். கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும், ஆனால் அந்த வரியை அடித்து நீக்கப்போவதில்லை. நாலு மணிக்கு வாருங்கள். மதகுச் சாவி என்னிடம் இருக்கிறது, டார்ச்சும் தேநீரும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
பராஷ்வா காவலரும் கோயில் வளைவுக் குடும்பத்தாரும்
(கையொப்பங்கள் மறுபக்கம்)