கையில் ஒட்டாத சாயம்

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆத்தா நலம். வெயிலுக்குப் பயந்து உள்முற்றத்து வளவிலேயே படுக்கை போட்டுக்கொண்டார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நகைப்பெட்டிக்குள் ஒட்டிய அரக்குநிற ஸ்வேட் தோலிலிருந்து, நகரத்தார் திருமண நகையான கழுத்திருவின் நூலில் சாயம் ஏறிவிட்டது, இனி ஒட்டாமலிருக்க என்ன வழி என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கனத்துப்போனது. ஒரு குடும்பம் தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் நகை அல்லவா!

ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கத்தை உரசி எழுப்பிய நார். நீ போட்ட ஸ்பிரிட் சாயத்தில் ஸ்பிரிட் ஆவியாகிப் போய்விடும். சாயத்தில் ஒரு பங்கு தோலோடு பிணையும், மிச்சம் நாரின் மேல் பொடியாக நிற்கும். உரசினால் அந்தப் பொடியும், சாயமேறிய தோல்தூசியும்தான் உதிர்கின்றன. வழவழப்பான தோலென்றால் மேலே பினிஷ் என்ற பூச்சு அடித்து அடைத்துவிடலாம். ஸ்வேட்டில் அடித்தால் நார் படிந்து விறைத்துவிடும், அதன் மென்மையே போய்விடும். அதனால் மிச்சச் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி.

முதலில் காய்ந்த பிரஷால் நன்றாகத் தேய்த்துத் தூசியை உதறு. குரோமியம் உப்பில் பதனிட்ட ஸ்வேட்டாக இருந்தால், ஸ்பிரிட் சாயத்துக்குப் பதிலாகப் பட்டுக்குப் போடும் ஆசிட் சாயத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் தோலை முக்கு. சாயம் உள்ளே இறங்கிய பிறகு கொஞ்சம் வினிகர் சேர். அமிலம்தான் சாயத்தைத் தோலோடு பிடிக்க வைக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் டிரம்மில் சுற்றவிட்டுக் கடைசியில் பார்மிக் அமிலம் ஊற்றுவதும் இதற்காகத்தான். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசு. இந்த இடத்தில் அவசரமே கூடாது. பலகையில் இழுத்துப் பொருத்தி நிழலில் காயவை, காய்ந்ததும் கையால் பிசைந்து இளக்கு, மறுபடி பிரஷ் போடு. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலுக்கு மட்டும் சூடான நீர் ஆகவே ஆகாது, சுருங்கிவிடும்.

ஒட்டுவதற்கு முன் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியாலும், பிறகு ஈரத்துணியாலும் தேய்த்துப் பார். காய்ந்த துணி சுத்தமாக இருப்பது போதாது. நம் ஊர் வியர்வைக்கு ஈரச் சோதனைதான் முக்கியம். ஈரத்துணியில் நிறம் தெரிந்தால் திரும்ப அலச வேண்டியதுதான்.

என் அபிப்பிராயம் கேட்டால், நகை படும் இடத்தில் கையால் சாயம் போடவே வேண்டாம். அரக்கு, கறுப்பு போன்ற அடர்நிறங்கள்தான் அதிகம் ஒட்டும். டிரம்மில் சாயமேற்றிய ஸ்வேட்டை வாங்கு. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவரைக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வாங்கியதையும் துணியால் தேய்த்துப் பார்க்காமல் ஒட்டாதே. அதுவும் கிடைக்காவிட்டால் சாயமே இல்லாத ஸ்வேட். அந்த வெளிர்நிறத்தில் பொன் இன்னும் அழகாகத் தெரியும்.

கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? வரும்போது மிச்சமிருக்கும் அந்த அரக்குத் துண்டையும் பெட்டியையும் கொண்டு வா. பழைய லைனிங்கைப் பிரித்துவிட்டு இங்கேயே சேர்ந்து புதிதாக ஒட்டிவிடுவோம்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்