பூனை எழுதிய இயற்பியல் கட்டுரையும் பெங்குவின் ஜெனரலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. டாக்டர் நடக்கச் சொன்னால் நட. உட்கார்ந்தபடி எனக்குக் கடிதம் எழுதுவதையெல்லாம் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். பகலெல்லாம் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால்தான் நீ எழுதியிருந்த விநோதச் செய்திகளைச் சாவகாசமாகத் துருவிப் பார்க்க முடிந்தது.

முதலில் உன் சந்தேகத்துக்குப் பதில். ஆமாம், ஆஸ்திரேலியாவின் வொம்பாட் என்கிற வயிற்றில் பையுள்ள மிருகம் கனசதுரமாகத்தான் புழுக்கை போடுகிறது. யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை. அதன் குடல் சுவர் கடைசிப் பகுதியில் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில இடம் விறைப்பு, சில இடம் தொய்வு. குடல் சுருங்கும்போது விறைப்பான இடம் சட்டென்று இறுகுகிறது, தொய்வான இடம் மெதுவாக நகர்கிறது. உள்ளே ஈரம் வற்றிக்கொண்டே வரும் சரக்கில் அப்படித்தான் மூலைகள் விழுகின்றன. நீ ஊகித்த மாதிரி வெளியேறும் வழி சதுரமாக இல்லை, நம் எல்லோருக்கும் உள்ளது போல வட்டம்தான். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கென்றே 1991 முதல் கொடுக்கிறார்கள். கிண்டல் பரிசுதானே என்று நினைத்துவிடாதே. காந்தப்புலத்தில் தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டதற்காக 2000-ல் அதை வாங்கிய ஆந்த்ரே கெய்ம், 2010-ல் கிராஃபீன் என்கிற ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள் பற்றிய ஆராய்ச்சிக்காக நிஜ நோபலையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் சேகர். வயது ஏற ஏற எனக்கு மிருகங்களின் விசித்திரம் அவ்வளவாக ஆச்சரியம் தருவதில்லை. அதனதன் பிழைப்பு அது. அவற்றைச் சுற்றி மனிதர்கள் பார்க்கிற ஆபீஸ் வேலை இருக்கிறதே, அதுதான் விசேஷம். காலமெல்லாம் ஃபைல் பார்த்த கண் இல்லையா, எந்தச் செய்தியைப் படித்தாலும் 'இதற்கு உத்தரவு போட்டவர் யார், கையெழுத்து போட்டவர் யார்' என்றுதான் தேடுகிறது.

அந்தக் கண்ணுக்குக் கிடைத்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பூனை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். 1975-ல், கடுங்குளிரில் திட ஹீலியம்-3 எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு கட்டுரை எழுதி முடித்து, ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் என்கிற பெரிய இதழுக்கு அனுப்பத் தயாராக இருந்தார். படித்துப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், "இது திரும்பி வந்துவிடும்" என்றார். விஷயத்தில் குற்றமில்லை. எழுதியவர் ஒருவர், ஆனால் கட்டுரை நெடுக 'நாங்கள் கணக்கிட்டோம், நாங்கள் கண்டோம்' என்று போகிறது. அந்த இதழின் விதிப்படி தனி ஆசிரியர் அப்படி எழுதக் கூடாதாம். அது டைப்ரைட்டர் காலம். முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். மனிதர் யோசித்தார். அத்தனை பக்கத்தையும் திருத்துவதை விட, முதல் பக்கத்தில் ஒரு பெயரைச் சேர்ப்பது சுலபம்.

வீட்டில் செஸ்டர் என்று ஒரு சயாமீஸ் பூனை இருந்தது. அதன் பெயரைச் சேர்த்துவிட்டார். சும்மா 'செஸ்டர்' என்று போட்டால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே! அதனால் எஃப். டி. சி. வில்லார்ட் என்று கம்பீரமாக ஆக்கினார். எஃப், டி என்பது வீட்டுப் பூனையின் லத்தீன் பெயர், சி என்பது செஸ்டர், வில்லார்ட் என்பது செஸ்டரின் தகப்பன் பூனை. நாம் தகப்பனார் பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்வதைப் பூனைக்கும் செய்திருக்கிறார் பார்! கட்டுரை அச்சானது. பிறகு நண்பர்களுக்குக் கொடுத்த பிரதிகளில் இரண்டு ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள், ஒருவர் பேனாவால், இன்னொருவர் மை தோய்ந்த பாதத்தால். ஹெதரிங்டனைத் தேடிவந்த ஒருவர், அவர் இல்லை என்றதும் "அப்படியானால் வில்லார்டையாவது பார்க்கலாமா" என்று கேட்க, உண்மை வெளியே வந்துவிட்டதாம். அதோடும் விடவில்லை. 1980-ல் ஒரு பிரெஞ்சு அறிவியல் பத்திரிகையில் வில்லார்ட் தனியாகவே ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் பேராசிரியர் பெயர் கிடையாது.

விதியை யாரும் மீறவில்லை என்பதைக் கவனி. நான் சர்வீஸில் இருந்தபோது இந்த மனிதர் என் செக்‌ஷனில் இருந்திருந்தால் எத்தனை ஃபைல் நகர்ந்திருக்கும்!

விதியைப் பிடித்துக்கொண்டு போய் இடித்துக்கொண்ட கதையும் உண்டு. 1970 நவம்பரில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபிளாரன்ஸ் என்ற ஊர்ப்பக்கம் செத்த திமிங்கிலம் ஒன்று கரை ஒதுங்கியது. சுமார் 14 மீட்டர் நீளம், 8 டன் எடை. நாற்றம் தாங்கவில்லை. யார் அப்புறப்படுத்துவது? அந்த மாநிலத்தில் கடற்கரைகள் அப்போது நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தன. ரோடு போடுகிறவர்களிடம் திமிங்கிலத்தை ஒப்படைத்தால் அவர்கள் கண்ணுக்கு அது வழியை மறித்துக் கிடக்கும் பாறையாகத்தானே தெரியும்? அரை டன் டைனமைட் வைத்தார்கள். சிதறுகிற துண்டுகளைக் கடற்பறவைகள் தின்று முடித்துவிடும் என்று கணக்கு.

நவம்பர் 12 அன்று வெடித்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம், டி.வி. கேமராவும் இருந்தது. முதலில் ஆரவாரம், அடுத்த நொடி தொப் தொப்பென்று மேலேயிருந்து சதை மழை. கால் மைல் தள்ளி நின்ற ஒரு காரின் கூரை ஒரு பெரிய துண்டு விழுந்து நசுங்கிப் போனது. அதிர்ஷ்டம், ஆட்களுக்கு எதுவும் ஆகவில்லை. நாற்றத்தோடு வீடு போனார்கள். பறவைகளோ வெடிச் சத்தத்துக்கே பறந்துபோயின, விருந்துக்கு வரவே இல்லை. திமிங்கிலத்தின் பெரும்பகுதி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதைக் கடைசியில் புதைத்தார்கள். 1979-ல் அதே பக்கம் 41 திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது டைனமைட் பேச்சையே எடுக்கவில்லை, எரித்துப் புதைத்துவிட்டார்கள். 2020-ல் அந்த ஊர் ஒரு பூங்காவுக்கு 'வெடித்த திமிங்கில நினைவுப் பூங்கா' என்றே பெயர் வைத்துவிட்டது. இதை நான் பாராட்டுகிறேன். வேறு ஊராக இருந்தால் ஃபைலைத் தொலைத்திருப்பார்கள்.

நீ எழுதிய ஈமுப் போரும் இந்த வகைதான். 1932-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் சுமார் 20,000 ஈமுக்கள் இறங்க, அரசாங்கம் இரண்டு இயந்திரத் துப்பாக்கியையும் 10,000 தோட்டாவையும் கொடுத்து ராணுவத்தை அனுப்பியது, பறவைகள் சிதறி ஓடித் தப்பின என்பதோடு நீ நிறுத்திவிட்டாய். பாக்கியையும் கேள். பிறகு அரசாங்கம் விவசாயிகளுக்கே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் அறிவித்தது. 1934-ல் ஆறே மாதத்தில் 57,034 ஈமுக்களுக்குப் பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறது. பாவம்தான், சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனால் மேஜரும் பீரங்கிப் படையும் செய்யாததை கவுண்டரில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா செய்திருக்கிறார்.

ராணுவம் என்றதும் நில்ஸ் ஒலாவ் ஞாபகம் வருகிறார். மரியாதையாகவே சொல்கிறேன், அவர் மேஜர் ஜெனரல். ஸ்காட்லாந்தின் எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் இருக்கிற கிங் பெங்குவின், நார்வே அரசரின் காவல் படையைச் சேர்ந்தவர். 1972-ல் அந்தப் படை ஒரு பெங்குவினைத் தத்தெடுத்து லான்ஸ் கார்ப்பரல் ஆக்கியது. அதன்பின் படிப்படியாகப் பதவி உயர்வு: 2008-ல் சர் பட்டம், 2016-ல் பிரிகேடியர், 2023-ல் மேஜர் ஜெனரல். இறக்கையில் பதவிச் சின்னத்தைக் கட்டிக்கொண்டு அணிவகுப்பை நடந்து பார்வையிடுவார். இதில் என்னைக் கவர்ந்த நுணுக்கம், 1972-ல் சேர்ந்த பெங்குவின் எப்போதோ போய்விட்டது. இப்போதிருப்பவர் மூன்றாமவர். பெயரும் பதவியும் அடுத்தவருக்கு அப்படியே போகின்றன, சர்வீஸ் முறியவில்லை! சீனியாரிட்டிக்காக நாம் எத்தனை மனு எழுதினோம்?

பட்டம் சும்மா வாங்கியவர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உழைத்து வாங்கிய ஒரு ஜீவனும் உண்டு. மகாவா என்று ஓர் எலி. ஆப்பிரிக்கப் பெருச்சாளி இனம், ஒரு கிலோவுக்கு மேல் எடை. தான்சானியாவில் பிறந்து, பயிற்சி பெற்று, கம்போடியாவில் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கும் வேலைக்கு வந்தது. இந்த ஏற்பாட்டில் எவ்வளவு புத்தி இருக்கிறது பார். உலோகம் தேடும் கருவி ஆணியைக் கண்டாலும் தகரத்தைக் கண்டாலும் கத்தும், ஒவ்வொன்றுக்கும் ஆள் குனிந்து தோண்ட வேண்டும். எலிக்கு இரும்பைப் பற்றிக் கவலையே இல்லை. வெடிமருந்தின் வாசனை வந்தால் மட்டும் மண்ணைப் பிறாண்டும். மேலே ஏறி நின்றாலும் அந்த எடைக்கு வெடி வெடிக்காது. டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரைமணியில் முடித்துவிடும். கருவியோடு மனிதன் செய்தால் நாள்கணக்கில் ஆகும். சம்பளம் வாழைப்பழம். 2020-ல் பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. விலங்கு நல அமைப்பு வீர விலங்குகளுக்கான தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது. அதை வாங்கிய முதல் எலி மகாவாதான். நூற்றுக்கு மேற்பட்ட வெடிகளைக் கண்டுபிடித்துவிட்டு 2021-ல் ஓய்வு பெற்றது, 2022 ஜனவரியில் இறந்தது. எட்டு வயது. இதைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒரு தேர்தல். நியூசிலாந்தில் 2005 முதல் 'ஆண்டின் சிறந்த பறவை' என்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பறவைகளுக்குத்தான் தெரியாதே தவிர, தேர்தலுக்கு உண்டான அத்தனையும் இதில் உண்டு. 2020-ல் ஒரு கிவி இனத்துக்குச் சுமார் 1,500 கள்ள ஓட்டு விழுந்தது. கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்தார்கள். அடுத்த வருஷம் வேட்பாளர் பட்டியலில் வௌவாலைச் சேர்த்தார்கள், அது ஜெயித்தே விட்டது! பறவையே இல்லையே என்று ஒரே ரகளை. 2023-ல் அமெரிக்க டி.வி. நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர், பூடெகெடெகெ என்கிற கொண்டை முக்குளிப்பானுக்காகப் பல நாடுகளில் பிரசார போர்டு வைத்தார். மூன்றரை லட்சத்துக்கு மேல் ஓட்டு குவிந்ததால் எண்ணி முடியாமல் முடிவே தாமதமானது. அந்தப் பறவைதான் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது.

வெளிநாட்டுக்காரர்களும் இதில் ஓட்டுப் போடலாம். எனக்கு 2018-ல் ஜெயித்த கெரெரூ என்ற காட்டுப்புறா மேல் ஒரு கண். புளித்த பழத்தைத் தின்று போதை தலைக்கேறிக் கிளையிலிருந்து விழுந்துவிடுமாம். ஒழுக்கம் சரியில்லை என்று நீ எதிர்ப்பாய், தெரியும். அதனால் உன் வேட்பாளர் யார் என்று அடுத்த கடிதத்தில் எழுது, இப்போதே பிரசாரத்தை ஆரம்பித்துவிடலாம். தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்
மூர்த்தி