பட்டாசுக்கு நடுங்குற நாயை இழுக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். போன தீபாவளிக்கு எங்க தெருவுல ஒருத்தர், வெடிக்கு பயந்து கட்டிலுக்கு அடியில பதுங்குன நாயை சங்கிலியோட இழுத்து வெளிய கட்டுனார், தைரியம் வரணுமாம். வராதுங்க, பயம்தான் கூடும், அது நடுங்குனதை பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்க சிப்பிப்பாறை நாய்க்கு 2 மாசம் முன்னாடியே போன்ல வெடிச் சத்தத்தை ரொம்ப சின்னதா வெச்சு, சத்தம் வந்த உடனே ஒரு துண்டு வேகவெச்ச கோழி குடுத்தோம், தினம் 5 நிமிஷம்தான், காதை மடக்குனா சத்தத்தை குறைச்சிடுவோம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுனோம். இப்ப வெடி கேட்டா என் கையைத்தான் பாக்குது. குட்டியா இருந்தா இன்னும் சுலபம், பொறந்து 3 வாரத்துலேர்ந்து 12 வாரம் வரைக்கும் பழகுறது நல்லா பதியும். ஒளியுற நாயை தயவுசெஞ்சு அங்கயே விட்டுட்டு பக்கத்துல போய் உக்காருங்க.

ஒரு வாசகி, கோவில்பட்டி