ஆற்றோரப் படிக்கட்டு

பட்டுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பாப்பா எல்லோரும் நலமா?

சிங்கப்பூரிலிருந்து ஊர் வந்து சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. தினமும்தான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடியோவில் இந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள், அந்தப் பக்கம் பாப்பா போனைப் பிடுங்குகிறாள். சாப்பிட்டியா, மழை உண்டா என்பதோடு முடிந்துவிடுகிறது. சில விஷயம் எனக்கு எழுதினால்தான் வரும். நான் பேசத் தெரிந்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வெளியே போகாதே. நாங்கள் அங்கே இருந்த இருபத்தொரு நாளில் நீ உட்கார்ந்து சாப்பிட்டுக் கிளம்பியது நாலு நாள்கூட இராது. அம்மா கட்டிக்கொடுத்த டப்பா சாயங்காலம் கழுவித் திரும்பி வந்தது. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவுக்குப் பெருமை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னையில் நாற்பது மரம் காய்ப்புக்கு வந்துவிட்டது. புதாற்றில் தண்ணீர் வருகிறது. அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். பெரியப்பா கால் வீக்கம் அப்படியேதான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ என்னையும் பாப்பாவையும் சிங்கப்பூர் ஆற்றில் படகில் கூட்டிப்போனதைத் தெருவில் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. நாம் மூன்று பேர், அந்த நரைத்த தலை வெள்ளைக்காரத் தம்பதி, நாலு பேராக ஒரு வடநாட்டுக் குடும்பம், ஆக ஒன்பது பேருக்கு ஒரு படகு என்றால் இங்கே நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதிராம்பட்டினத்தில் ஒரு வள்ளத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று தெரிந்தவர்கள் அல்லவா. முகப்பில் இரண்டு கண் வரைந்திருந்ததைச் சொன்னேன். படகு தன் வழியைத் தானே பார்க்க வேண்டும் என்று சீனர்கள் அந்தக் காலத்தில் வரைந்த கண் என்று நீ சொன்னதையும் சொன்னேன். புகை இல்லை, சத்தம் இல்லை, பேட்டரியில் ஓடுகிறது என்றேன். எல்லாம் உன்னால் பார்த்தது. உன் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன்.

ஆனால் தம்பி, அன்றைக்குப் படகில் நீ எதுவுமே சொல்லவில்லை.

போன முறை நாம் அதே ஆற்றோரம் நடந்தே போனோம். கேவனா பாலத்தில் நிறுத்தி, மாடும் குதிரையும் இதில் போகக் கூடாது என்று எழுதியிருந்த பழைய பலகையைப் படித்துக் காட்டினாய். இந்த ஆறு மொத்தமே 3.2 கிலோமீட்டர்தான் அப்பா, நம் புதாற்றுக்கு முன்னால் இது ஒரு வாய்க்கால் என்று சொல்லிச் சிரித்தாய். ஆற்று முகத்தில் எழுத்து வெட்டிய பெரிய பாறை ஒன்று இருந்ததாம், 1843-இல் வெள்ளைக்காரர்கள் வெடி வைத்து உடைத்துவிட்டார்களாம், மிஞ்சின துண்டில் இருக்கிற எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லையாம். இந்த ஆற்றில் ஆதியில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் நம் நாகப்பட்டினம், நாகூர்ப் பக்கத்துச் சூலியா முஸ்லிம்களும் உண்டு, சீனர்கள் அதற்குப் பிறகுதான் என்று அவ்வளவு உற்சாகமாகச் சொன்னாய். ஒரு வாத்தியார் மாதிரி பேசினாய். என் பிள்ளை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

இந்த முறை அந்தப் படகில் இங்கிலீஷ் குரல் ஒன்று தானாகப் பேசிக்கொண்டே வந்தது. எனக்குப் பாதி புரியவில்லை. நீ எடுத்துச் சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்மன் பாலம் போனது, எல்ஜின் பாலம் போனது. வலப்பக்கம் போட் கீயின் பழைய கடைவீடுகள் வரிசையாக வந்தன. அதற்குப் பின்னால் அந்த உயரக் கட்டடங்கள். போன முறை நீ கையை நீட்டி, "அப்பா, அந்தக் கண்ணாடிக் கட்டடம், மேலேயிருந்து எண்ணினால் ஆறாவது வரிசை, அங்கேதான் என் சீட்" என்று காட்டிய இடம். இந்த முறை பாப்பாதான் கேட்டாள், "அப்பா, உங்க ஆபீஸ் எங்கே?" என்று. நீ "அந்தப் பக்கம்மா" என்றாய். தலையைத் திருப்பவில்லை. இடப்பக்கம் ராபிள்ஸின் வெள்ளைச் சிலையையே பார்த்துக்கொண்டு வந்தாய். அந்தச் சிலையை நீ நூறு தடவை பார்த்திருப்பாய்.

அது புதன்கிழமை. மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். நீ லீவு என்றாய். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் லீவு. இறங்கியதும் எனக்குக் காப்பியும் பாப்பாவுக்கு ஐஸ்கிரீமும் வாங்கினாய், உனக்கு வேண்டாம் என்றாய். காப்பி வேண்டாம் என்கிற பிள்ளையா நீ. வீட்டில் கதவுக்குப் பின்னால் அந்த ஆணியில் நீலக் கயிற்றோடு ஓர் அட்டை தொங்கும், போன முறை பாப்பா அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆபீஸ் விளையாட்டு விளையாடுவாள். இந்த முறை அந்த ஆணியில் குடைதான் தொங்கியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ பெரியவன், உனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வெயிலில் அலையாதே. ஆற்றோரக் காற்று நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கக் கூடாது.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். எனக்குத் தெரியும் தம்பி. நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுத மூன்று நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன். 1994-இல் பொங்கல் கழிந்து நான் சிங்கப்பூர் போனது உனக்குத் தெரியும். அம்மா சங்கிலியை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டினது தெரியும். அடுத்த வருஷம் வேலை முடிந்து வந்தேன் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது அப்படி இல்லை. எட்டு மாதத்தில் அந்த வேலை நின்றுவிட்டது. முதலில் சம்பளம் தள்ளிப் போனது, பிறகு சாமான் வரவில்லை, பிறகு ஆளே வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. எந்த முகத்தோடு வருவது?

ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற தேக்காவுக்குப் போனால் ஊர்க்காரர்கள் கண்ணில் படுவேன். யாராவது ஊருக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அந்தப் பக்கம் போவதையே விட்டேன். ஆற்றோரத்துக்கு வருவேன். கேவனா பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் இறங்குகிற கல் படிக்கட்டு உண்டு. அதில்தான் உட்காருவேன். நாற்றம் இல்லாத சுத்தமான ஆறு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பாய் என்று பக்கத்தில் மீன் பிடித்த ஒரு பெரியவர் சொன்னார். 1977-இல் தொடங்கிப் பத்து வருஷம் சுத்தம் பண்ணினார்களாம். நடுவில் 1983-இல் சரக்குப் படகுகளையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்களாம். அவரும் படகில் மூட்டை இறக்கியவர்தான், அது போனபோது தன் பிழைப்பும் போய்விட்டது என்றார். எனக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்கு ஒரு ஆறுதல்.

என்னிடம் கடிகாரம் இல்லை, அதை விற்றுவிட்டேன். தண்ணீரைப் பார்த்துத்தான் நேரம். கடல் ஏறும்போது கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக முழுகும். வற்றும்போது பாசியோடு வெளியே வரும். நாலு படி வெளியே வந்தால் எழுந்து போகலாம், தங்கியிருந்த இடத்தில் சோறு வடித்திருப்பார்கள். அந்தப் படியில் உட்கார்ந்துதான் அம்மாவுக்கு ஏரோகிராம் எழுதுவேன். வேலை நன்றாகப் போகிறது, ஓவர்டைம் இருக்கிறது, பணம் அடுத்த மாதம் வரும், பிள்ளையை நன்றாகப் படிக்கச் சொல். அம்மா அதையெல்லாம் இன்னும் டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். கடைசி ஏழு கடிதத்தில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

டிக்கெட்டுக்கு ஒரு புண்ணியவான் உதவி செய்தார். சென்னையில் இறங்கியும் ஊருக்கு வரவில்லை. பாரிமுனையில் ஒரு லாரி செட்டில் நாற்பது நாள் மூட்டை ஏற்றினேன். அந்தக் கூலியில் பர்மா பஜாரில் கோடாலித் தைலம், டார்ச் லைட், அம்மாவுக்கு ஒரு நைலக்ஸ் புடவை, உனக்குக் காந்தம் வைத்து மூடுகிற பென்சில் டப்பா எல்லாம் வாங்கிக்கொண்டுதான் சிங்கப்பூரிலிருந்து வருகிறவன் மாதிரி பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒன்றாம் வகுப்பில் அந்த டப்பாவை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாய். அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லுவாய். நீ அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

மேலக்காட்டை ஏன் விற்றோம் என்று நீ பெரியவனானதும் ஒரு தடவை கேட்டாய். போர் போட என்று சொன்னேன். அந்த அடகுக் கடனுக்குத்தான் விற்றேன். வட்டி அவ்வளவு ஏறியிருந்தது. வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருந்தால் சங்கிலியை விற்று அசலை அடைத்திருப்போம், நிலம் தங்கியிருக்கும். அவள் கோபப்படுவாள், இரண்டு நாள் பேச மாட்டாள், அப்புறம் வழி சொல்லியிருப்பாள். எனக்கு அது அப்போது தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள்.

படகு அந்தப் படிக்கட்டைத் தாண்டும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். "அப்பா, உட்காருங்கள்" என்று கையைப் பிடித்தாய். தலைசுற்றல் என்று நினைத்திருப்பாய். படிகளில் பாசியே இல்லை. 2008-இல் கடல் வாயில் அணை கட்டி எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் ஏரி ஆக்கிவிட்டார்கள் என்று நீதான் முன்பு சொன்னாய். இப்போது ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது. என் கண் அந்தப் பழைய சிங்கத்தலை மீன் சிலை நின்ற இடத்தைத் தேடியது. நான் இருந்தபோது அதற்கு முன்னால்தான் எஸ்பிளனேட் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலம் மறைக்கிறது என்று 2002-இல் சிலையையே 120 மீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். எழுபது டன் சிலையை நகர்த்திவிட்டார்கள், நான் ஒரு விஷயத்தை என் நெஞ்சிலிருந்து நகர்த்த முப்பது வருஷம் ஆகிறது.

மருமகளுக்குத் தெரியுமா தம்பி? அது மட்டும்தான் என் கவலை. தெரிந்திருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கும். தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு. மாமனாரைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

நீ மாதாமாதம் அனுப்பியதில் வீட்டுக்குப் போக மீதியைத் தபால் ஆபீசில் போட்டு வைத்திருக்கிறேன். 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அது உன் பணம். இந்த மாதம் அனுப்ப வேண்டாம். தேங்காய் வெட்டு இருக்கிறது, எங்களுக்குப் போதும். மாடி அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன். பாப்பாவுக்கு லீவு வந்தால் எல்லோரும் வந்து இருங்கள், ஒரு மாதம் என்றாலும் சரி, ஒரு வருஷம் என்றாலும் சரி. ஊரில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ராபிள்ஸ் பிளேஸில் என் பிள்ளை வேலை பார்க்கிறான் என்று டீக்கடையில் சொன்னதெல்லாம் என் ஆசைக்குச் சொன்னது. அதை நீ சுமக்க வேண்டியதில்லை.

அம்மா சனிக்கிழமை ஆறு மணிக்குப் பெருமாள் கோவிலுக்குப் போவாள், ஏழரைக்குத்தான் திரும்புவாள். ஆறு என்றால் உனக்கு எட்டரை, பாப்பா தூங்கியிருப்பாள். நான் தோப்பில் மோட்டார் கொட்டகையில் இருப்பேன். அங்கே டவர் நன்றாகக் கிடைக்கிறது.

அன்புடன்,
அப்பா

காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.