சாவ் பெண்டோ நிலையத்து அம்மாவுக்கு நன்றி

போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் உள்ள சாவ் பெண்டோ ரயில் நிலையத்தில், டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

எனக்கு கார் ஓட்டத் தெரியாது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போவது நடக்காது என்றே நினைத்திருந்தேன். அவர் என் நோட்டை வாங்கி, பக்கம் முழுக்க எழுதிக்கொடுத்தார்: ரேகுவா ஊர் வழியாகப் பின்யாவ் ஊர் வரை ரயில், போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்.

அந்த வலப்பக்க ஜன்னல்! பாதி வழியில் ஆறு தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. எதிர்க்கரையில் மலை முழுக்கப் படிப்படியாகத் திராட்சைக் கொடிகள். பின்யாவ் நிலையத்துச் சுவரில் நீல ஓடுகளில் திராட்சை அறுவடையையே தீட்டியிருக்கிறார்கள். அங்கேயே அரைமணி நேரம் நின்றுவிட்டேன். அங்கிருந்து நடந்தே ஒரு தோட்டத்துக்குப் போய், போர்ட் வைனை நிதானமாகச் சுவைத்தேன். திரும்ப வண்டி ஓட்ட வேண்டுமே என்ற கவலை இல்லை.

அம்மா, உங்களுடைய ரயிலைத் தவறவிட்டு எனக்கு எழுதிக்கொடுத்தீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மிக்க நன்றி.