டோர்ட்டியா குறிப்பில் விடுபட்ட சுண்ணாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த மெக்சிகோ உணவுக் கட்டுரை, அந்நாட்டுச் சமையலை ஸ்பானியர் கொண்டுவந்ததாகவே சொல்லிச் செல்கிறது. உடன் வந்த டோர்ட்டியா என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டியின் செய்முறையோ, மக்காச்சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசையச் சொல்கிறது. அப்படிப் பிசைந்த மாவு தட்டும்போதே விண்டுபோகும். பூர்வகுடிகள் கண்டறிந்த முக்கியமான வேலை ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது.

மக்காச்சோளத்தில் கோதுமைக்குள்ள பசைப்புரதம் கிடையாது. மெக்சிகோவின் நாவா, மாயா முதலிய பூர்வகுடிகள் ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதற்கு வழி கண்டார்கள்: சுண்ணாம்பு நீரில் வேகவைப்பது. நிஷ்தமால் என்பது இதுதான். முற்றி உலர்ந்த மக்காச்சோளம் 1 கிலோவுக்குத் தண்ணீர் 3 லிட்டர், நீற்றுச் சுண்ணாம்பு 10 கிராம். சுண்ணாம்பு உணவுக்கென விற்பதாக இருக்க வேண்டும்; வெள்ளையடிக்கிற சரக்கு கூடாது. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், ஆகவே எவர்சில்வர் பாத்திரமோ மண்பானையோதான். கொதி வந்ததும் தீயைத் தணித்து 30 முதல் 45 நிமிடம் வேகவிடலாம். ஒரு மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்தால் நடுப்பகுதி இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும். இறக்கி, அதே நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு மூன்று தடவை அலசி, ஈரத்தோடு அரைக்க வேண்டும்.

கூடுதலாக வெந்தால் மாவு கையிலும் கல்லிலும் ஒட்டும். வேகாவிட்டால் நறநறவென்று இருக்கும். பதம் சரியாக இருந்தும் ஓரம் வெடிக்கிறதென்றால் தண்ணீர் போதவில்லை, தெளித்துப் பிசையலாம். பலரும் செய்கிற தவறு, தோல் ஒரு துணுக்குகூட இல்லாமல் தேய்த்துக் கழுவுவது. தோலின் நார்ப்பொருளைச் சுண்ணாம்பு கரைத்துப் பசையாக்குகிறது. மாவைப் பிடித்து நிறுத்துவதில் அதற்கும் பங்குண்டு.

சுண்ணாம்பின் பயன் மாவு சேர்வதோடு முடியவில்லை. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து, உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு கலந்த காரநீரில் வெந்தால்தான் அது விடுபடும். ஐரோப்பா மக்காச்சோளத்தை எடுத்துச் சென்றது, இந்தச் செய்முறையை எடுத்துச் செல்லவில்லை. அதையே முக்கிய உணவாக உண்ட ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பிடித்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் 1735இல் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் அதை விவரித்தார். பிறகு வட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பரவியது. உணவுக் குறைவே காரணம் என்று 1910களில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். நியாசின்தான் மருந்து என்று தெரிய 1937 ஆயிற்று. அதே தானியத்தை உண்டு நோயின்றி வாழ்ந்த மக்களின் அடுக்களையை அதுவரை பெரும்பாலோர் உற்றுப் பார்க்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வந்தேறிகள் பங்கும் ஸ்பானியரோடு நிற்பதில்லை. மெக்சிகோவில் முதன்முதலில் கோதுமை விதைத்தவன் நான் என்று 1538இல் ஸ்பெயின் அரசருக்கு மனு எழுதிய ஹுவான் கரிதோ, ஆப்பிரிக்கர். மேற்காசியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் செங்குத்துக் கம்பியில் இறைச்சியைச் சுடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1930களில் புவெப்லா நகரில் அதை மெல்லிய கோதுமை ரொட்டியில் சுற்றித் தந்தார்கள். பின்னர் ஆட்டிறைச்சி போய்ப் பன்றியிறைச்சி வந்தது. உள்ளூர்க் காய்ந்த மிளகாயும் அச்சியோட்டே என்னும் செந்நிற விதையும் மசாலாவில் சேர்ந்தன. ரொட்டியின் இடத்தை மக்காச்சோள டோர்ட்டியா பிடித்தது. 'டாக்கோஸ் அல் பாஸ்தோர்' உருவானது இப்படித்தான். இதற்கு இறைச்சித் துண்டுகள் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. தடித்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இதில் சேரும் அன்னாசியை, இறைச்சி ஊறவைக்கும் மசாலாவில் அரைத்து இரவு முழுதும் விட்டால் அதன் நொதி இறைச்சியைக் கூழாக்கிவிடும். பழத்தைக் கடைசியில் சீவிப் போடுவதே முறை.

மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நிஷ்தமால் முறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தங்கள் கட்டுரையிலும் அதற்கு நாலு வரி இருந்திருக்கலாம்.

குறைந்தபட்சம் செய்முறையையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன். சுண்ணாம்பில் வேகவைக்க முடியாதவர்கள், அவ்வாறு வேகவைத்து அரைத்து உலர்த்திய 'மாசா ஹரினா' மாவை வாங்கலாம். சாதாரண மக்காச்சோள மாவும் சோள ஸ்டார்ச்சும் அதற்கு ஈடாகா. ஒரு கோப்பை மாவுக்கு முக்கால் கோப்பை வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் வைத்த பிறகே தட்ட வேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். முதல் பக்கம் 20 விநாடி, மறுபக்கம் ஒரு நிமிடம், மீண்டும் திருப்பிப் போட்டால் உப்பி வரும்.

இப்படிக்கு,
சமையற்கலை ஆசிரியர் ஒருவர்