வாக்காளர் தொகை மட்டும் தொகுதி எல்லையை வகுக்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

விகிதாசார முறையைத் திருத்தி, தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாட்டை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு தேர்தல் காலந்தோறும் எழுகிறது. ஒரே கட்சிக்காரர் விருப்பு வாக்குக்காக ஒருவரோடொருவர் மோதுவதைப் பார்த்துச் சலித்த எவரும் அதை வரவேற்கவே செய்வர், நானும் வரவேற்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தப் புதிய தொகுதிகளின் எல்லைகள் எந்த விதியின்படி வரையப்படும் என்ற கேள்வியை நம்மவர்கள் இன்னும் உரத்துக் கேட்கவில்லை.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களையும் சேர்த்தே இன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்கிறோம். ஊர்காவற்றுறை தொடக்கம் கிளிநொச்சி வரையான பழைய 11 தொகுதிகளும் வாக்கு முடிவுகளை அறிவிப்பதற்கான பிரிவுகளாக மட்டும் அதில் நீடிக்கின்றன. 1977இல் 11 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இந்தப் பரப்பு 2010இல் 9 பேரையும், 2015இல் 7 பேரையும், 2024இல் 6 பேரையும் தெரிவுசெய்தது. போர், இடப்பெயர்வு, புலம்பெயர்வு என்று இதற்கான காரணங்களை யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2024இல் பதிவாகியிருந்த ஏறத்தாழ 5 லட்சத்து 93 ஆயிரம் வாக்காளரை வெறுமனே ஐந்தாலோ ஆறாலோ பிரித்துத் தொகுதி வரைவதானால், அந்தப் பழைய பெயர்களில் பாதி மறைந்தே தீரும். முதலில் மறைவது எதுவென்பதும் ஊகிக்கக் கடினமானதல்ல. தீவகத்தை உள்ளடக்கிய, வாக்காளர் மிகக் குறைந்த ஊர்காவற்றுறை யாழ்ப்பாண நகரத்துடனோ வட்டுக்கோட்டையுடனோ ஒட்டப்படும்.

நான் தீவகத்தவன், ஆகவே பக்கச்சார்பாகப் பேசுகிறேன் என்று சிலர் சொல்லலாம். அவர்கள் ஒருமுறை பண்ணைப் பாலத்தால் புறப்பட்டு, வேலணையையும் புங்குடுதீவையும் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகேறிப் பார்க்கட்டும். கடலிலே மட்டும் ஒரு மணி நேரம் அளவில் செல்லும். காற்றுக் கடுமையானால் படகே ஓடாது. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகிறவர் இன்றும் பாதைக்காக, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவைக்காக, காத்து நிற்கிறார். வழியெங்கும் பூட்டிய வீடுகளைப் பார்க்கலாம். அவற்றின் சொந்தக்காரர் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஆனால் ஆட்கள் குறைந்ததால் கடலின் அகலம் குறைந்துவிடவில்லை. உவர்க்கிணறு நன்னீர்க் கிணறாகிவிடவுமில்லை. நகரத்து வாக்கிலேயே வெல்லக்கூடிய ஓர் உறுப்பினருக்கு இறங்குதுறையின் பழுதும் குடிநீர்ப் பவுசரின் தாமதமும் எத்தனையாவது கவலையாக இருக்கும்?

பரப்பையும் கணக்கில் எடுப்பது நம் நாட்டுக்குப் புதிய யோசனையும் அல்ல. சோல்பரி அரசியலமைப்பு 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்று வகுத்ததோடு நிற்காமல், ஒவ்வொரு 1,000 சதுர மைல் பரப்புக்கும் மேலதிகமாக ஓர் ஆசனத்தைக் கொடுத்தது. 1947இல் தெரிவான 95 பேரில் 25 பேருக்குரிய இடங்கள் இவ்வாறு நிலத்தின் பேரால் வந்தவை. ஆளடர்த்தி குறைந்த மாகாணங்கள் அதனால் பயனடைந்தன. அடுத்த எல்லை நிர்ணயம் 1959இல் நடந்தபின், 1960 மார்ச் தேர்தலிலேதான் கிளிநொச்சி என்ற புதிய தொகுதி முதன்முதலாக வாக்களித்தது. இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்றங்களுக்குத் தனிக் குரல் கிடைத்தது அப்போதுதான். இன்றைய 1978 அரசியலமைப்பிலும் அந்தப் பழைய சிந்தனையின் எச்சம் உண்டு: மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களில் 36 ஆசனங்கள், வாக்காளர் தொகையைப் பாராமல், மாகாணத்துக்கு நான்கு வீதம் பகிரப்படுகின்றன. புதிய முறையில் இந்த நான்கும் சத்தமில்லாமல் கைவிடப்பட்டால், நமக்கு இப்போதுள்ள ஆறும் மிஞ்சுமா என்பது சந்தேகமே. தொகுதி முறையையும் விகிதாசார முறையையும் இணைக்கும் கலப்பு முறையின் சிறப்பைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் ஏனோ விரைந்து கடந்துபோகிறார்கள்.

நிர்வாக எல்லையை அப்படியே தொகுதி எல்லையாக்குவதிலும் சிக்கல் இருக்கிறது. பளை ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. அங்குள்ளவருக்குக் கொடிகாமமும் சாவகச்சேரியும் பக்கத்துச் சந்தைகள். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் மட்டும் கிளிநொச்சியில். வடமராட்சி கிழக்கோ நாகர்கோவிலிலிருந்து சுண்டிக்குளம் வரை கரையோரமாக நீண்டு கிடக்கும் மணல் நிலம். பருத்தித்துறையின் தேவைகளும் சுண்டிக்குளத்தின் தேவைகளும் ஒன்றல்ல. ஆகையால் கிராம அலுவலர் பிரிவு வாரியாக, மக்கள் எந்த வழியால் எங்கே போய் வருகிறார்கள் என்று பார்த்தே கோடு கிழிக்க வேண்டும்.

அவசரப்பட்டோ மூடிய அறையிலோ இதைச் செய்தால் என்ன நடக்கும் என்பதை மாகாண சபைகளின் கதையில் கண்டோம். 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 139 பேர் எதிர்த்தனர். ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. 2013இல் தெரிவான நமது மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளிலும் தேர்தல் வைக்க முடியாமல் போனதற்கு அந்த முடிச்சே காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே வடபகுதி உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி முன்வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. தொகுதிகளின் எண்ணிக்கையைப் பேசுவதற்கு முன்னரே, பரப்பும் கடல்வழியும் எல்லை நிர்ணயத்தில் எவ்வளவு பெறுமதி பெறும் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வரைவு வரைபடங்கள் தமிழில் வெளியிடப்பட்டு, ஆட்சேபம் கேட்கும் அமர்வுகள் நெடுந்தீவிலும் மருதங்கேணியிலும் பூநகரியிலும் நடத்தப்பட வேண்டும். யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் மட்டும் அமர்வு வைத்துவிட்டுத் தீவகத்திலிருந்து ஆட்சேபமே வரவில்லை என்று அறிக்கை எழுதுவது எளிது. பின்னேரப் படகைத் தவறவிட்டால் அன்றிரவு ஊர் திரும்ப வழியில்லாத ஒருவர் அங்கே கடைசி வரை காத்திருக்கமாட்டார்.

இப்படிக்கு,
தீவக வாசகர் ஒருவர்,
ஊர்காவற்றுறை.